மந்திரத்தின் விலையை யார் கொடுப்பது? ஃபேண்டஸி நாவல்கள் பற்றிக் கேள்வி பதில்

சமீபத்தில் வாசித்த, மறுபடி வாசித்த ஃபேண்டஸி நாவல்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கதையின் கடைசித் திருப்பங்கள் எதையும் போட்டு உடைக்கவில்லை. ரசனை என்னுடையது, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் காரணம் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, இந்த முறை படித்ததில் உங்களை ரொம்பப் பாதித்தது எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ராபின் ஹாப் எழுதிய 'அசாசின்ஸ் அப்ரென்டிஸ்'. 1995இல் வந்தது, ஃபார்சியர் முத்தொகுதியின் முதல் நாவல். பட்டத்து இளவரசனுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த ஃபிட்ஸ் என்ற பையனை ஆறு வயதில் அரச குடும்பத்திடம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். அவனுடைய தாத்தாவான அரசர் அவனை ரகசியக் கொலையாளியாகப் பழக்க ஏற்பாடு செய்கிறார்.

இதில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. சிவப்புக் கப்பல்களில் வரும் கொள்ளையர்கள் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பணம் தராவிட்டால் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுவதுதானே வழக்கம்? இவர்கள், பணம் தராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்கிறார்கள். யாருக்கும் புரியவில்லை. ஆட்கள் திரும்பி வந்த பிறகுதான் புரிகிறது. உடம்பு அதேதான், நினைவும் இருக்கிறது. ஆனால் பாசம், வெட்கம், இரக்கம் எதுவும் இல்லை. சொந்தப் பிள்ளையின் கையில் இருப்பதைப் பிடுங்கித் தின்கிற மனிதர்களாக வந்திருக்கிறார்கள். அவர்களை என்ன செய்வது? கொல்வதா, கட்டிப்போட்டுச் சோறு போடுவதா? பெரிய பூதங்களையும் டிராகன்களையும் விட இது எனக்குப் பயங்கரமாக இருந்தது.

கொள்ளைக் கப்பல்களைத் தூரத்திலிருந்தே திசைதிருப்ப, இன்னொரு இளவரசனான வெரிட்டி தன் மனோசக்தியைப் பயன்படுத்துகிறான். நாடு பிழைக்கிறது, அவன் உடம்பு உருகிப் போகிறது. அந்தச் சக்தியில் ஒரு போதையும் இருக்கிறது, விட முடியாது. மந்திரம் கையில் இருப்பவன் அதற்காக எதை இழக்கிறான் என்பதைத்தான் எந்த ஃபேண்டஸி நாவலிலும் நான் முதலில் தேடுவேன். ஹாப் அதில் கொஞ்சமும் சலுகை காட்டுவதில்லை. மூன்றாம் பாகத்தின் மலைப்பயணம் மட்டும் தேவைக்கு மேல் நீளம்.

நான் சாண்டர்சன் ரசிகன். 'மிஸ்ட்பார்ன்' பற்றிப் பேசும்போது மட்டும் ஏன் உங்களுக்கு அரை மனசு?

அரை மனசுதான், மறைக்கவில்லை. பிராண்டன் சாண்டர்சன் 2006இல் எழுதிய அந்த முதல் பாகத்தின் அமைப்பு அபாரமானது. விழுங்கிய உலோகத்தை வயிற்றுக்குள் 'எரித்தால்' சக்தி வரும். தகரம் புலன்களைக் கூர்மையாக்கும், எஃகு வேறு உலோகங்களைத் தள்ளும், இரும்பு இழுக்கும். விதிகள் இவ்வளவு தெளிவாக இருப்பதால் சண்டைக் காட்சிகளில் யார் எங்கே நிற்கிறார்கள், ஏன் விழுகிறார்கள் என்று ஒரு குழப்பமும் இல்லை. மந்திரத்தால் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டுமானால் வாசகருக்கு அந்த மந்திரம் முதலில் புரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. சொன்னபடியே எழுதுகிறார்.

என் குறை இதுதான்: உலோகம் தீர்ந்தால் சக்தி தீரும், மறுபடி விழுங்கினால் மறுபடி வரும். அது செலவு, இழப்பு அல்ல. வின் என்ற தெருப்பெண் யாரையும் நம்ப முடியாமல் தவிக்கும் பக்கங்கள்தான் எனக்கு அந்த நாவலின் உயிர். அந்தப் பக்கங்கள் இன்னும் வேண்டும் என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

ஜெமிசினின் 'த ஃபிஃப்த் சீசன்' ஐம்பது பக்கத்தில் வைத்துவிட்டேன். 'நீ வந்தாய், நீ பார்த்தாய்' என்று கதை சொல்வது ஒட்டவே இல்லை.

தயவுசெய்து மறுபடி எடுங்கள். அந்த 'நீ' வெறும் உத்தி இல்லை. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதற்குக் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது.

நில அதிர்வை அடக்கவும் எழுப்பவும் தெரிந்த மனிதர்கள் இருக்கும் உலகம் அது. அவர்கள் இல்லாவிட்டால் ஊர்கள் இடிந்து விழும். ஆனாலும் எல்லோரும் அவர்களை வெறுக்கிறார்கள், கேவலமான பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தொடக்கத்தில் ஒரு தாய் வீட்டுக்கு வருகிறாள். சின்ன மகன் செத்துக் கிடக்கிறான். அவனுக்கும் அந்தச் சக்தி இருப்பதைக் கண்டுகொண்ட தகப்பனே அடித்துக் கொன்றிருக்கிறான். இந்த மந்திரத்துக்கு வேண்டிய வெப்பம் சுற்றியிருக்கும் எல்லாவற்றிலிருந்தும் உறிஞ்சப்படும். கட்டுப்பாடு தவறினால் பக்கத்தில் நிற்பவர்கள் உறைந்து சாவார்கள். இங்கே விலை கொடுப்பவர் மந்திரம் செய்தவர் மட்டுமில்லை. 'உன்மேல் அன்பு' என்று சொல்லிக்கொண்டே சிறுமியின் கையை உடைக்கிற காவலன் ஒருவன் வருகிறான். அடிமைத்தனம் எப்படிப் பாசத்தின் குரலில் பேசும் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய ஃபேண்டஸியை நான் வாசித்ததில்லை.

இதில் தொடங்கும் முத்தொகுதியின் மூன்று நாவல்களுக்கும் என். கே. ஜெமிசின் 2016, 2017, 2018 என்று தொடர்ந்து, அறிபுனை, ஃபேண்டஸி எழுத்துக்கான ஹியூகோ விருது பெற்றார். புதுச் சொற்கள் நிறைய வரும், பின்பக்கத்தில் அகராதி இருக்கிறது. அதை முன்கூட்டிப் படிக்காதீர்கள், கதையே சொல்லிக்கொடுக்கும்.

அக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து கேட்கிறேன். வஜ்ர சந்திரசேகரவின் நாவலை வாசிச்சீங்களா?

வாசித்தேன். 'த செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்', 2023இல் வந்து, இதே துறைக்கான நெபுலா விருது வாங்கியது. பிறந்த கணமே குழந்தையின் நிழலைத் தாய் பித்தளை ஆணியால் தரையில் அறைந்து பிய்த்து எடுத்துவிடுகிறாள். மகனை வளர்ப்பதே அவன் தகப்பனைக் கொல்வதற்காக. அந்தத் தகப்பன் கோடிக்கணக்கானோர் வணங்கும் ஒரு ஞானி. ஃபெட்டர் என்ற அந்த மகன் பெரியவனானதும் அம்மா கொடுத்த வேலையை விட்டுவிட்டு நகரத்துக்குப் போய்ச் சாதாரணமாக வாழப் பார்க்கிறான். தெய்வங்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் போனவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்றில் சேர்கிறான்.

இலங்கை என்ற பெயரைச் சொல்லாமலே எழுதியிருக்கிறார். இனம், சாதி என்று ஆட்களைப் பட்டியல் போடும் அலுவலகங்கள், முகாம்கள், சட்டென்று திரளும் வன்முறைக் கும்பல், மதமும் அரசும் கைகோத்து நிற்பது எல்லாம் இருக்கின்றன. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புத்தர், அவர் மகன் ராகுலன் கதையைத் தெரிந்தவர்களுக்கு விட்டுப்போன தகப்பன் என்ற சரடு இன்னும் ஆழமாக இறங்கும். கடைசிப் பகுதி அவசரமாக ஓடுகிறது. ஆனால் கதை சொல்வது யார் என்று வெளிப்படும் இடத்தில் நான் திரும்ப முதல் பக்கத்துக்குப் போனேன்.

'பிரனேசி' படித்தேன். பாதி வரை ஒன்றுமே நடக்கவில்லையே?

ஒரு மனிதன் முடிவில்லாத மண்டபங்கள் கொண்ட வீட்டில் இருக்கிறான். எங்கும் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகம். அலைகளின் நேரத்தைக் கணக்கிட்டுக் குறித்து வைக்கிறான், இறந்தவர்களின் எலும்புகளைப் பராமரிக்கிறான். அந்த வீட்டை அவன் எவ்வளவு நேசிக்கிறான் என்பது நமக்குள் இறங்கினால்தான் பின்னால் வருவது வலிக்கும். அதற்குத்தான் அந்தப் பாதி. சுசன்னா கிளார்க் தன் முதல் நாவலுக்குப் பிறகு நீண்டகால நோயோடு இருந்து, பதினாறு ஆண்டுகள் கழித்து 2020இல் இதைக் கொண்டுவந்தார். சிறிய புத்தகம். மறுபடி வாசியுங்கள்.

லெ குவினின் எர்த்ஸீ வரிசையில் முதல் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார்களே?

கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

1968இல் வந்த முதல் நாவலில் கெட் என்ற ஆடு மேய்த்த பையன், மந்திரப் பள்ளியில் சக மாணவன் முன்னால் வீம்புக்காக இறந்தவரின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழல் வந்துவிடுகிறது. அது நுழைந்த பிளவை அடைக்கத் தலைமை மந்திரவாதி உயிரைக் கொடுக்கிறார். ஒரு பையனின் திமிருக்கு ஒரு பெரியவரின் உயிர் விலை. இரண்டாவது 1971, மூன்றாவது 1972. பிறகு 1990இல் 'தெஹானு'. இடையில் பதினெட்டு ஆண்டுகள்.

'தெஹானு'வில் சாகசம் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். கெட் தன் சக்தி முழுவதையும் இழந்து திரும்பியிருக்கிறான். கதை டெனார் என்ற நடுத்தர வயது விதவையுடையது. தீயில் தள்ளப்பட்டுப் பாதி முகம் வெந்த ஒரு சிறுமியை அவள் எடுத்து வளர்க்கிறாள். பாத்திரம் கழுவுவது, ஆடு மேய்ப்பது, இரவில் கதவு தட்டப்படும்போது வரும் பயம். முதல் மூன்று நாவல்களில் மந்திரப் பள்ளிக்குள் ஏன் ஒரு பெண்கூட இல்லை என்ற கேள்வியை லெ குவின் தன்னிடமே கேட்டு, தான் கட்டிய உலகத்தையே பிரித்துப் பார்க்கிறார். இந்தத் துணிச்சல் எத்தனை எழுத்தாளர்களுக்கு வரும்? முதல் மூன்றை வாசித்து இதை விடுவது பந்தியில் உட்கார்ந்து சோறு வருமுன் எழுந்திருப்பது மாதிரி.

முடியாத தொடர்களைத் தொடங்கலாமா? மார்ட்டின், ராத்ஃபஸ்...

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், பேட்ரிக் ராத்ஃபஸ் இருவரின் தொடரிலும் கடைசியாக வந்த பாகம் 2011இல் வெளியானது. காத்திருப்பு எரிச்சலூட்டும் என்றால் தொடங்காதீர்கள். நான் தொடங்குவேன். ராத்ஃபஸின் உரைநடைக்காகவே 'த நேம் ஆஃப் த விண்ட்' வாசிக்கலாம்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. மாயாஜாலக் கதை கேட்கிறாள். எது கொடுப்பது?

டெர்ரி பிராட்செட்டின் 'த வீ ஃப்ரீ மென்' (2003). ஒன்பது வயது டிஃபனி, தேவதைகளின் ராணி தூக்கிப்போன தம்பியை மீட்க இரும்பு வாணலியோடு கிளம்புகிறாள். சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் உள்ளே ஒரு கனமான விஷயம் இருக்கிறது: அந்த ஊரில் தனியாக இருந்த ஒரு கிழவியைச் சூனியக்காரி என்று சொல்லி வீட்டை விட்டுத் துரத்த, அவள் பனியில் செத்துப்போகிறாள். இனி இப்படி யாருக்கும் நடக்கக்கூடாது என்பதற்காகவே டிஃபனி தானே சூனியக்காரியாக முடிவெடுக்கிறாள். உங்கள் மகளோடு இதைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள்.

வரிசையில் மொத்தம் ஐந்து நாவல்கள். ஒவ்வொன்றிலும் டிஃபனி வயதில் வளர்கிறாள், அதனால் வரிசை மாற்ற வேண்டாம். நான்காவதான 'ஐ ஷல் வேர் மிட்நைட்' மட்டும் இரண்டு மூன்று வருடம் கழித்துக் கொடுங்கள். தகப்பன் அடித்ததில் கரு கலைந்த ஒரு பதின்மூன்று வயதுப் பெண் ஆரம்பத்திலேயே வருகிறாள். முதலில் நீங்கள் வாசித்துவிட்டு, எப்போது கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.