மானியத்தை நிறுத்தினால் கம்பு விளையுமா?

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் கம்பும் கேழ்வரகும் துவரையும் எள்ளும் விளைந்த ஊர் இது. இன்று நெல், கரும்பு, சவுக்கு தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. இலவச மின்சாரம், உர மானியம் என்று கொடுத்துக் கொடுத்து விவசாயிகளைச் சோம்பேறிகளாக்கியதுதான் காரணம். மானியங்களை அடியோடு நிறுத்திவிட்டால் தானாகவே சிறுதானியத்துக்குத் திரும்பிவிட மாட்டார்களா?
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: மாட்டார்கள்.

மானியம் பயிரை மாற்றுகிறது என்பதில் உங்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை. சோம்பேறி என்ற சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை. நாற்றங்கால், நடவு, களை, பூச்சி, அறுவடை, அப்புறம் கொள்முதல் நிலைய வாசலில் மூட்டைகளை அடுக்கிவிட்டு மழைக்குப் பயந்து தார்ப்பாயோடு ராத்திரிக் காவல்: ஒரு போகம் நெல்லுக்கு இவ்வளவு இருக்கிறது. மானாவாரிக் கம்புக்கு இதில் பாதி வேலைகூடக் கிடையாது. உங்கள் ஊர்க்காரர் சோம்பேறியாக இருந்திருந்தால் கம்புதான் விதைத்திருப்பார்.

அவர் பார்ப்பது கணக்கு. 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,300 ரூபாய். கேழ்வரகுக்கு 4,290 ரூபாய். காகிதத்தில் கேழ்வரகுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! நல்ல பாசனத்தில் ஏக்கருக்கு 24 குவிண்டால் நெல் எடுத்தால் 55,200 ரூபாய். கேழ்வரகு 10 குவிண்டால் என்று வைத்துக்கொண்டால் 42,900. கேழ்வரகுக்குச் செலவு குறைவு, தண்ணீரும் குறைவு. ஆகவே கையில் நிற்கும் லாபத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. பிறகு ஏன் நெல்?

2,300 ரூபாய்க்கு வாங்க ஆள் இருக்கிறது. அதனால்தான். நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடிக் கொள்முதல் நிலையம் திறக்கிறது, அதே பருவத்தில் மாநில அரசு தன் பங்குக்கு 105 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்த்து 2,405 ஆக்கிக் கொடுத்தது. ஈரப்பதம் என்று இழுத்தடிப்பார்கள், எடை போடக் காக்க வைப்பார்கள், அதெல்லாம் உண்டு. ஆனாலும் கடைசியில் நெல் போய்விடும், பணம் வந்துவிடும். கேழ்வரகை அரசு நேரடியாகக் கொள்முதல் செய்வது தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நடக்கும் சங்கதி. திண்டிவனத்துக்காரருக்கு 4,290 என்பது செய்தித்தாளில் படித்த எண். வியாபாரி என்ன சொல்கிறாரோ அதுதான் விலை.

மத்திய அரசு 22 பயிர்களுக்கு ஆதரவு விலை அறிவிக்கிறது. கரும்புக்குத் தனியாக ஒரு விலை. அறிவிப்பது வேறு, வாங்குவது வேறு. இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைப்பது பற்றி ஆராய்ந்த சாந்தகுமார் குழு, நாட்டின் விவசாயிகளில் சுமார் 6 சதவீதம் பேர்தான் ஆதரவு விலையில் அரசுக்கு விற்கிறார்கள் என்று 2015இல் சொன்னது. அந்த 6 சதவீதத்தில் பெரும்பாலானவர்கள் நெல்லும் கோதுமையும் விளைவிக்கிறவர்கள். அந்தக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்ட ஊர் தஞ்சாவூர் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். நெல் எங்கே இருந்ததோ அங்கேதான் அரசு முதலில் கடை போட்டது. கடை போட்ட பிறகு நெல் மற்ற இடங்களுக்கும் பரவியது.

மற்ற மானியங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். இலவச மின்சாரம் யாருக்கு? கிணறும் மோட்டாரும் வைத்திருப்பவருக்கு. தமிழ்நாட்டில் அப்படி 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் உள்ளன. தண்ணீர் இறைக்கச் செலவே இல்லை என்றால், அதிகம் குடிக்கும் பயிர் எது, குறைவாகக் குடிக்கும் பயிர் எது என்ற வேறுபாடு கணக்கில் தெரியாமலே போய்விடும். வானம் பார்த்த பூமியில் சாமையோ குதிரைவாலியோ விதைக்கும் விருதுநகர்க்காரருக்கு அந்த மின்சாரத்தால் ஒரு பைசா பிரயோசனம் இல்லை. யூரியாவும் அப்படித்தான். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது, மிச்சத்தை அரசு தாங்குகிறது. உளுந்தும் துவரையும் காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் தாங்களே பிடித்து வைத்துக்கொள்கிற பயிர்கள். அவற்றுக்கு யூரியா பெரிதாகத் தேவையில்லை. தேவையில்லாத காரணத்தாலேயே மானியமும் இல்லை! மண்ணுக்குச் சத்து சேர்க்கிறவர் வெறுங்கையோடு நிற்க, அதை உறிஞ்சுகிறவருக்கு மூட்டை மூட்டையாக உதவி போகிறது.

பருப்பு விஷயத்தில் இதைச் சொன்ன பெரிய மனிதர்களும் உண்டு. 2015இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். மறு ஆண்டு அப்போதைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் தலைமையில் ஒரு அறிக்கை வந்தது. பருப்புப் பயிர்கள் தண்ணீரை மிச்சப்படுத்துகின்றன, மண்ணை வளப்படுத்துகின்றன, அந்த நன்மைக்கும் சேர்த்து ஆதரவு விலை வைக்க வேண்டும் என்றது. நியாயமான பேச்சு. அந்த ஆண்டே விவசாயிகள் விலையை நம்பி நிறைய விதைத்தார்கள், அமோக விளைச்சல், சந்தை விலை ஆதரவு விலைக்கும் கீழே போனது. அடி வாங்கியவர் அடுத்த முறை யோசிப்பாரா மாட்டாரா?

எல்லா மானியமும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஒரு மாநிலம் என்ன ஆகும் என்று பார்க்க பஞ்சாபுக்குப் போக வேண்டும். நெல் அவர்கள் சாப்பாடு கிடையாது, ரொட்டிதான். 1960-61இல் அங்கே நெல் விளைந்த நிலம் சுமார் 2.27 லட்சம் ஹெக்டேர். இப்போது 31 லட்சத்துக்கும் மேல். அதே 1960-61இல் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் கொண்டைக்கடலை இருந்தது. இன்று அது சில ஆயிரம் ஹெக்டேர்தான். உணவுக் கழகம் மூட்டை எவ்வளவு வந்தாலும் வாங்கிக்கொண்டது, 1997இலிருந்து பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம், கடலைக்கு எவரும் வரவில்லை. நிலத்தடியில் ஆண்டுதோறும் ஊறுவதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது சரிவராது, நெல்-கோதுமை நிலத்தில் 20 சதவீதத்தை வேறு பயிருக்கு மாற்றுங்கள் என்று எஸ்.எஸ். ஜோல் குழு 1986லேயே எழுதிக் கொடுத்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது. பிறகு 2009இல் நிலத்தடி நீரைக் காக்க ஒரு சட்டம் கொண்டுவந்து, ஜூன் 10க்கு முன்னால் நடவு கூடாது என்றார்கள். நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது, கோதுமை விதைக்க நாள் போதவில்லை, வைக்கோலைக் கொளுத்துவது அதிகமானது. டெல்லிக்காரர்கள் இருமுவதில் இந்தச் சட்டத்துக்கும் பங்குண்டு.

இப்போது உங்கள் 'அடியோடு நிறுத்து' யோசனைக்கு வருகிறேன். பஞ்சாபில் அதைப் பாதி செய்தே பார்த்தார்கள். அமரீந்தர் சிங் அரசு 2002இல் இலவச மின்சாரத்தை நிறுத்தி, 2005இல் மறுபடி கொடுத்தது. நடுவில் கட்டணம் வசூலித்த ஆண்டுகளில் நெல் பரப்பு குறையவே இல்லை. வாங்குகிறவர் அப்படியே இருந்தாரே! செலவு கூடினால் லாபம் குறையும், அவ்வளவுதான். வாங்க ஆளில்லாத கடலைக்கு எவர் போவார்?

நீங்களே பட்டியலில் சேர்த்திருக்கும் சவுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எந்த ஆதரவு விலை, எந்தக் கொள்முதல் நிலையம்? காகித ஆலைக்குப் போகிறது, கட்டடச் சாரத்துக்குப் போகிறது, நட்டுவிட்டால் சில வருடங்களுக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். கொல்லிமலையில் தினையும் சாமையும் இருந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியதற்கும் மானியம் காரணமில்லை. கீழே சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை லாரி லாரியாக வாங்கின. ஆக, மானியத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் கம்பு முளைக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. சவுக்கோ, மரவள்ளியோ, வீட்டுமனையோ முளைக்கும்.

கம்பு, சோளத்துக்கு இன்னொரு தொல்லை உண்டு, நகரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஊரே கம்பு போட்டால் குருவி தின்பது பங்கு பிரிந்து போகும். நூறு ஏக்கர் நெல்லுக்கு நடுவே ஒருவர் மட்டும் ஒரு ஏக்கர் கம்பு போட்டால், சுற்றுவட்டாரப் பறவைகள் அத்தனைக்கும் அவர் ஒருவரே விருந்து வைக்க வேண்டும். சாமை, வரகு என்றால் உமி நீக்கும் இயந்திரம் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்பு பெண்கள் உரலில் இடித்தார்கள். இனி இடிக்கச் சொல்ல நமக்கு வாயில்லை.

பயிர் மட்டுமா குறைந்தது, நெல்லுக்குள்ளேயே ரகங்களும் குறைந்தன. இதில் அரசு செய்யும் வேடிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தவர் நெல் ஜெயராமன், 2018இல் மறைந்தார். அவர் பெயரில் தமிழக அரசே ஒரு இயக்கம் நடத்தி, மரபு நெல் விதைகளை மானிய விலையில் கொடுக்கிறது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் கொள்முதல் நிலையத்துக்குத் தெரிந்தது இரண்டே வகை: சன்ன ரகம், சாதாரண ரகம். அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுத்துப் பார்த்துப் பிரிக்கிறார்கள். மாப்பிள்ளைச் சம்பாவோ கருப்புக்கவுனியோ, அந்தக் கணக்குக்கு எல்லாம் ஒன்று. ஏக்கருக்குக் குறைவாக விளைகிற ரகத்தை அதே விலைக்குப் போட்டுவிட்டு வர யாருக்கு மனசு வரும்? விதைக்கும்போது ஒரு துறை தட்டிக்கொடுக்கிறது, விற்கும்போது இன்னொரு துறைக்கு அந்தப் பெயரே தெரியவில்லை.

வழியே இல்லையா என்றால், ஒடிசாவைப் பாருங்கள். 2017இல் சிறுதானிய இயக்கம் தொடங்கினார்கள். கோராபுட் போன்ற பழங்குடி மாவட்டங்களில் கேழ்வரகை ஆதரவு விலைக்கு வாங்கினார்கள், ரேஷனில் போட்டார்கள், அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு லட்டாகக் கொடுத்தார்கள். விதைக்கச் சொல்லும்போதே வாங்குவதற்கும் தின்பதற்கும் ஏற்பாடு இருந்தது. நம் அரசும் 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கார்டுக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. நல்ல தொடக்கம், ஆனால் இரண்டு மாவட்டத்தோடு திருப்திப்பட முடியாது. சத்துணவுக்கும் ரேஷனுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு கேழ்வரகு, இவ்வளவு உளுந்து வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, திண்டிவனத்திலும் தராசு வைத்தால் நிலைமை மாறும். ஹரியானா 2020இல் நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்று அறிவித்தது. காசு கொடுப்பது தவறில்லை. விளைந்ததை எங்கே விற்பது என்ற கேள்விக்கு அந்த 7,000 மட்டும் பதிலாகிவிடாது.

மின்சாரத்தைத் தொடவே கூடாதா? தொடலாம், பக்குவமாக. பஞ்சாபில் 2018இல் ஒரு சோதனைத் திட்டம் வந்தது. ஒரு விவசாயிக்கு இத்தனை யூனிட் என்று ஒதுக்கிவிட்டு, அதில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் கணக்கில் போட்டார்கள். மானியம் போகவில்லை, தண்ணீருக்கு மட்டும் ஒரு மதிப்பு வந்தது. இங்கே அதைச் செய்ய முதலில் மீட்டர் வேண்டும். மீட்டர் என்றால் நம் விவசாயிக்குப் பகீர் என்கிறது. 1970களில் கோவைப் பக்கம் மின்கட்டணப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு வரை பார்த்தவர்கள். 2003இல் ஜெயலலிதா அரசு இலவச மின்சாரத்தை எடுத்துவிட்டு, நாடாளுமன்றத் தேர்தலில் தோற்ற பிறகு 2004இல் திருப்பிக் கொடுத்த கதையும் அவர்களுக்கு மறக்கவில்லை. இன்று மீட்டர், நாளை பில் என்று அவர்கள் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. நாலு வருடம் ஒழுங்காகக் கேழ்வரகு வாங்கிக் காட்டிய அரசு மீட்டரோடு வந்தால் உட்காரச் சொல்லிப் பேசுவார்கள். வெறுங்கையோடு வந்தால் வரப்பிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.