கேடயத்தில் என்ன எழுதியிருக்கிறது?

வணக்கம் ஐயா,

அமெரிக்காவில் மார்ச் மாதத்தையே பெண்கள் வரலாற்று மாதமாக அரசாங்கம் அறிவித்திருக்கிறதாம். இங்கே மார்ச் 8 வந்தால் ஒரு கூட்டம், நாலு பேருக்குப் பொன்னாடை, கேடயம், அதோடு சரி. வன்னிப் பெண்கள் செய்தவற்றை அரசு வரலாறாக ஏற்க என்ன வழி? எங்கிருந்து தொடங்குவது?

ஓர் ஆசிரியை, ஒட்டுசுட்டான்

வணக்கம் ரீச்சர்,

அங்கேயும் அது மேலிருந்து இறங்கியதல்ல. 1978 இல் கலிபோர்னியாவின் சொனோமா பகுதிப் பள்ளிக்கூடங்கள் பெண்கள் வரலாற்று வாரம் என்று ஒன்றைக் கொண்டாடின. 1980 இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அதை நாடு முழுவதற்கும் அறிவித்தார். 1981 இல் காங்கிரஸ் தீர்மானம் போட்டது, 1987 இல் வாரம் மாதமானது. இன்றைக்கும் ஜனாதிபதி வருடாவருடம் புதிதாக அறிக்கை விடுகிறார். மாதத்தை அறிவிப்பது லேசு. ஆளின் பெயரை எழுதிவைப்பதில்தான் எல்லா அரசுகளும் சறுக்குகின்றன.

உங்களுக்குப் பக்கத்துக் கற்சிலைமடுக் கல்லைப் பாருங்கள். 1803 ஒக்டோபர் 31 இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியனை ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்த இடம் என்று அதில் பொறித்தார்கள். வென்றவன் பக்கத்துக் கல்தான், ஆனால் பெயர், திகதி, இடம் மூன்றும் இருந்ததால் அது நமக்கும் சான்றானது. உங்கள் கேடயத்தில் என்ன இருக்கும்? 'சிறந்த சமூக சேவைக்காக'. என்ன சேவை, எந்தக் கிராமம், எந்த வருடம் தொட்டு? பேரப்பிள்ளைக்கே விளங்காது. அடுத்த மார்ச்சுக்கு முதல் பிரதேச செயலகத்து மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் ஒன்று கேளுங்கள்: கௌரவிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் அரைப்பக்கக் குறிப்பு, அதன் பிரதி கோப்பில். பொன்னாடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

குறிப்புக்குத் தகவல் எடுக்கப் பள்ளிக்கூடத்துச் சேர்விடாப்பு (பிள்ளைகளைச் சேர்த்த பதிவு), சம்பவத்திரட்டு (லொக் புத்தகம்), மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டறிக்கைப் புத்தகம் எல்லாம் உதவும். இடப்பெயர்வுகளில் தப்பியவை கொஞ்சம்தான். தப்பியதை முதலில் போனில் படமெடுத்துவிடுங்கள். பெயரில் கவனம். கலியாணத்துக்கு முன் தகப்பனின் முதலெழுத்து, பின் புருஷனின் முதலெழுத்து. ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார். இரண்டையும் எழுதி, பிறந்த வருடத்தையும் சேருங்கள்.

காணிப் பதிவுதான் பெரிய பொறி. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, அரச காணிக்குப் பெர்மிற் வைத்திருந்தவர் தனக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைக் குறிக்காமல் இறந்து, துணையும் இல்லையென்றால் காணி முதலில் மகனுக்கு. மகன் இல்லாவிட்டால்தான் மகளுக்கு. பேரனுக்குப் பிறகே பேத்தி, தகப்பனுக்குப் பிறகே தாய். 2022 இன் 11 ஆம் இலக்கத் திருத்தம்தான் அந்த வரிசையை மாற்றியது. அதுவரை எழுதப்பட்ட காணி லெட்ஜரை மட்டும் நம்பினால், வன்னியில் காடு வெட்டி வயலாக்கியது முழுக்க ஆண்கள் என்றே முடிவெடுப்பீர்கள்.

ஆகவே வாய்மொழியும் வேண்டும். 'என்ன சாதனை செய்தீர்கள்' என்று கேட்டால் 'நான் என்னத்தைச் செய்தனான்' என்றுதான் ஆச்சிமார் சொல்வார்கள். எந்தக் குளத்துக்குக் கீழ், எத்தனை ஏக்கர், முதல் விதைப்பு எந்த நெல், வரம்பு கட்டியது யார், யார் வீட்டுப் பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். வருடம் நினைவில்லை என்றால் '64 புயலுக்கு முந்தியா பிந்தியா', '77 கலவரத்தில் மலையகத்துச் சனம் வந்து குடியேறினதுக்கு முந்தியா' என்று நெருக்கிப் பிடிக்கலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் தனியாகக் கேளுங்கள். இரண்டு பேரையும் ஒன்றாக இருத்தினால் மூத்தவர் சொன்னதையே மற்றவரும் சொல்வார்.

பத்துப் பேருக்காவது இப்படிக் குறிப்புச் சேர்ந்த பிறகு பிரதேச சபைக்குப் போங்கள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு வீதிக்கோ கட்டடத்துக்கோ இவர்களில் ஒருவரின் பெயரை வைக்கும் தீர்மானத்தைக் கொண்டுவர ஒரு பெண் உறுப்பினரைப் பிடிக்கலாம். அதற்கு முதல் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள்: சபைக்குட்பட்ட வீதிகள், கட்டடங்களில் ஆட்பெயர் உள்ளவை எவை, அதில் பெண் பெயர் எத்தனை, எந்தத் தீர்மானத்தால் வைத்தார்கள். 'பெண்களைக் கௌரவித்திருக்கிறீர்களா' என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் வாசலை விட்டு இறங்காதீர்கள், நாள் எண்ணுவது அதை வைத்துத்தான்.