கம்ப்யூட்டரைப் போட்டால் லைன் போகிறதா? சுங்கை சிப்புட் வீடுகளின் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இருந்து வந்த கேள்விகள் இவை. பாதிக்கு மேல் ஒரே தொல்லைதான்: கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ரௌட்டர் விழுந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாமானில் இருந்து ஓர் அக்கா: மகன் கம்ப்யூட்டரைப் போட்ட உடனே என் கைப்பேசியிலும் லைன் போய்விடுகிறது. இரண்டு நிமிடம் கழித்துத் தானாக வருகிறது. ரௌட்டரை மாற்ற வேண்டுமா தம்பி?

இப்போதைக்கு ஒரு வெள்ளிகூடச் செலவு செய்யாதீர்கள் அக்கா. அடுத்த முறை மகன் கம்ப்யூட்டர் பக்கம் போகும்போது நீங்கள் ரௌட்டர் முன்னால் நின்று விளக்குகளைப் பாருங்கள். எல்லா விளக்கும் ஒரு கணம் அணைந்து, பவர் விளக்கு முதலில் வந்து, மற்றவை ஒவ்வொன்றாக எரிந்தால் ரௌட்டருக்குக் கரண்ட் விட்டுப்போயிருக்கிறது. அது மறுபடி எழுந்து லைன் பிடிக்கத்தான் அந்த இரண்டு நிமிடம். விளக்குகள் எரிந்தபடியே இருந்து லைன் மட்டும் போனால் காரணம் வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

எந்த நேரத்தில் போகிறது என்பதையும் கவனியுங்கள். சுவரில் சுவிட்சைத் தட்டும்போதா, கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தும்போதா, திரையில் படம் வந்த பிறகா? இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சுவர் சுவிட்சைத் தட்டும்போதே போனால் நான் முதலில் பார்ப்பது எக்ஸ்டென்ஷனையும் ரௌட்டரின் அடாப்டரையும்தான். கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் கரண்டைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது. காலியாக இருக்கும் அது, கரண்ட் கிடைத்ததும் ஒரே மூச்சில் நிரம்பப் பார்க்கும். சில மில்லி செகண்டுக்கு முப்பது நாற்பது ஆம்பியர்கூட இழுக்கும். அந்த நேரத்தில் அதே எக்ஸ்டென்ஷனில் வோல்டேஜ் ஒரு துளி இறங்கும். நல்ல அடாப்டர் அதைச் சமாளித்துவிடும். வருடக்கணக்காக வெப்பத்தில் கிடந்து உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்துபோன அடாப்டரால் முடியாது.

ரௌட்டர் பிளக்கை வேறொரு சுவர் சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். தொல்லை நின்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். நிற்காவிட்டால் அடாப்டரை மாற்றலாம். வோல்ட் பழையதில் எழுதியிருப்பதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், பிளஸ் மைனஸ் படமும் ஒத்துப்போக வேண்டும். 12 வோல்ட் என்று எழுதியிருந்தால் 9 வோல்ட் அடாப்டரைச் சொருகாதீர்கள்.

ஒரு வயர்மேன் அண்ணன்: கம்ப்யூட்டர் இழுப்பது 300 வாட். 13 ஆம்பியர் சாக்கெட் மூவாயிரம் வாட்டுக்கு நெருக்கமாகத் தாங்கும். நீங்கள் சொல்கிற மாதிரி 40 ஆம்பியர் இழுத்தால் எம்சிபி, அதான் கரண்ட் கூடினால் தானாக விழும் சுவிட்ச், விழுந்திருக்குமே? மக்களைப் பயமுறுத்தாதீர்கள்.

அண்ணே, ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்கு உங்கள் கணக்கு சரி. நான் சொல்வது ஆன் ஆகும் அந்த முதல் உதைப்பை. அது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதற்கெல்லாம் விழாத மாதிரிதான் எம்சிபியைச் செய்கிறார்கள்.

அதே அண்ணன்: அப்படியென்றால் ஊரில் எல்லா வீட்டிலும் ரௌட்டர் விழ வேண்டும். ஏன் விழவில்லை? சாக்கெட்டில் லூஸ் காண்டாக்ட், அதுதான் காரணம்.

தோட்டத்து லயத்தில் இருந்து ஒரு தம்பி: அண்ணன் சொல்வதுதான் உண்மை. எங்கள் வீட்டில் சாக்கெட்டை மாற்றியதும் நின்றுவிட்டது.

லூஸ் காண்டாக்ட் இருந்தால் தொல்லை பல மடங்கு ஆகும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பிடி தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும், உதைப்பு வரும்போது வோல்டேஜ் இன்னும் அதிகமாக இறங்கும். சாக்கெட் இறுக்கமாக, அடாப்டர் புதிதாக உள்ள வீடுகளில் ஒன்றும் தெரியாமல் போவது அதனால்தான். நீங்கள் ஒரு பாதியைச் சொல்கிறீர்கள் அண்ணே, நான் மறுபாதியைச் சொல்கிறேன்.

அந்த லூஸ் காண்டாக்ட் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பால்பாயின்ட் பேனாவிலிருந்து! நம் மூன்று பின் சாக்கெட்டில் மேல் ஓட்டையில் நீளமான எர்த் பின் நுழைந்தால்தான் கீழே உள்ள இரண்டு கதவும் திறக்கும். குழந்தைகள் கை வைக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தி, இரண்டு பின் உருண்டை பிளக்கை உள்ளே தள்ளுகிறார்கள். உருண்டை பின் மெல்லியது, தட்டைப் பின்னுக்குச் செய்த பித்தளைத் தகடு அதைப் பிடிக்காது. பிளக் லேசாகத் தொங்கும், ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் தீய்ந்திருக்கும். ஆட்டினால் உள்ளே சரசரவென்று பொறி சத்தம் கேட்கும். அது வீட்டையே எரிக்கும். சிரிம் தர முத்திரை உள்ள, இரண்டு பின்னை மூன்று பின்னாக மாற்றும் பிளக் ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

பள்ளி ஆசிரியை ஒருவர்: விளக்கெல்லாம் எரிகிறது, அருகலையும் (வைஃபை) இணைந்திருக்கிறது. ஆனால் கணினி மேசையின் சுவிட்சைப் போட்டதும் வீட்டில் யாருக்கும் இணையம் இல்லை. அணைத்தால் சரியாகிவிடுகிறது.

டீச்சர், உங்கள் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. மேசைக்கு அடியில் பழைய ஸ்ட்ரீமிக்ஸ் இணைய லைனின் ரௌட்டர் ஏதாவது வயரைப் பிரிப்பதற்காக வைத்திருக்கிறீர்களா? அது அந்த எக்ஸ்டென்ஷனிலேயே இருந்தால், கம்ப்யூட்டரோடு சேர்ந்து அதுவும் எழுந்துவிடும்.

தான் வயரைப் பிரிக்கும் வெறும் பெட்டி என்று அதற்குத் தெரியாது. இரண்டு ரௌட்டருக்கும் முகவரி 192.168.1.1 ஆக இருந்தால், கைப்பேசி வெளியே போகும் வழியைத் தேடும்போது இரண்டும் “நான்தான் வாசல்” என்று பதில் சொல்லும். பழையதன் பதிலைப் பிடித்துக்கொண்ட கைப்பேசிக்கு வெளியே போக வழி இல்லை. போதாததற்கு அதுவும் எல்லாருக்கும் ஐபி முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும்.

மேசை சுவிட்சைப் போட்ட பிறகு கைப்பேசி பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். பழைய ரௌட்டரின் பக்கம் திறந்தால் ஆள் மாட்டிக்கொண்டார். கம்ப்யூட்டரைப் பழையதோடு மட்டும் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, ஐபி முகவரி கொடுக்கும் வேலையான டிஎச்சிபியை நிறுத்துங்கள். பிறகு புதிய ரௌட்டரில் இருந்து வரும் வயரை அதன் லேன் துளையில் சொருகுங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் லேன் வயரைப் பிரிக்கும் சாதாரண நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை.

ஒரு தம்பி: கம்ப்யூட்டரைப் போட்டால் ரௌட்டர் விளக்கெல்லாம் அணைந்து எரிகிறது. ஏன்?

முதல் பதில்.

இன்னொரு தம்பி: எனக்கும் அப்படித்தான். ரீசெட் ஓட்டையில் ஊசியால் குத்தினேன், இப்போது சுத்தமாக லைன் இல்லை.

குத்தாதீர்கள் என்று கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்! பிளக்கைப் பிடுங்கிப் போடுவது வேறு, அந்த ஓட்டையைக் குத்துவது வேறு. குத்தினால் ரௌட்டருக்குள் போட்டு வைத்த எல்லாமே அழியும். யூனிஃபை இணைய லைன் உள்ள வீடாக இருந்தால் லைன் எடுத்தபோது கொடுத்த தாளில் யூனிஃபை என்று முடிகிற பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும், அதைத் தேடி எடுத்துப் போடுங்கள். சொந்தமாக வாங்கிய ரௌட்டர் என்றால் வீலேன் என்ற இடத்தில் யூனிஃபை லைனுக்கான 500 என்ற எண்ணையும் போட வேண்டும். தாள் இல்லையென்றால் யூனிஃபை சேவை எண் 100க்கு அழையுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் இருந்து ஓர் அண்ணன்: எங்களுக்குச் சிம் போடும் ரௌட்டர்தான். டெஸ்க்டாப் படம் வந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் எதுவும் அசையவில்லை.

படம் வந்த பிறகு என்றால் கரண்ட் காரணமில்லை அண்ணே. ஒன்டிரைவ் மாதிரி ஏதாவது ஒன்று உங்கள் போட்டோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். விண்டோஸ் அப்டேட்டும் சேர்ந்துகொள்ளும். மேலே ஏற்றும் பாதை நிறைந்துவிட்டால் கீழே இறங்குவதும் நின்றுபோகும், ஏனென்றால் இறங்கும் துண்டுகளுக்குக் “கிடைத்தது” என்ற பதில் அதே பாதையில்தான் போக வேண்டும். விண்டோஸ் செட்டிங்கில் அந்த இணைப்பை “மீட்டர்டு” என்று மாற்றிவிடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

கல்லூரி மாணவி: வெளி ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினால் மட்டும் என் கம்ப்யூட்டரில் அருகலை போகிறது. மற்றவர்களுக்குப் போகவில்லை.

யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி விளக்க அறிக்கை வெளியிட்டிருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், அல்லது டிஸ்க்கை நீள வயரில் தள்ளி வையுங்கள்.

ஓர் ஐயா: கம்ப்யூட்டரைப் போட்டால் வீட்டு மெயின் சுவிட்சே விழுகிறது.

ஐயா, அது என் வேலை இல்லை. கம்ப்யூட்டரில் கரண்ட் கசிகிறது என்று நினைக்கிறேன். பிளக்கைக் கழற்றி வையுங்கள், உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். அதுவரை யாரும் அதைத் தொட வேண்டாம்.

ஓர் அம்மா: பக்கத்து மகள் வீட்டுக்கு வெளியே லேன் வயர் இழுத்திருக்கிறோம். போன மழையில் இடி இடித்ததில் இருந்து அவள் கம்ப்யூட்டரைப் போட்டால் நம் ரௌட்டர் உறைந்துபோகிறது.

அந்த வயரை இப்போதே கழற்றிவிட்டுப் பாருங்கள் அம்மா. ரௌட்டர் நன்றாக ஓடினால் இடியில் ஒரு பக்கத்து லேன் துளை போயிருக்கிறது. வெளியே ஓடும் செம்பு வயர் இடியை இரண்டு வீட்டுக்கும் கூட்டி வரும், நம் ஊர் இடி உங்களுக்கே தெரியும். மகளுக்கு அருகலையிலேயே கொடுங்கள். வானம் இருட்டினால் அடாப்டர், வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

ஒரு தம்பி: அண்ணே, ரௌட்டர் விளக்கெல்லாம் அணைந்து எரிகிறது...

பிளக்கை வேறு சாக்கெட்டில் போட்டாயா தம்பி? போட்டுவிட்டு வா, பிறகு பேசுவோம்.