இடிந்ததை அள்ளுகிறவன் – கடிதம்

வணக்கம் ஐயா,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. 'அயர்ன் மேன்' (2008) தொடங்கி 'எண்ட்கேம்' (2019) வரை மார்வெலின் 22 படங்களையும் லீவில் மறுபடி பார்த்தேன். கதை, வில்லன், சண்டை, சிரிப்பு என்று தனித்தனியாக மார்க் போட்டு வரிசைப்படுத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதலிடம் எண்ட்கேம், இரண்டாவது இன்ஃபினிட்டி வார், மூன்றாவது விண்டர் சோல்ஜர். கடைசி இடம் 'தோர்: தி டார்க் வேர்ல்ட்'. 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' 19ஆவது. அதில் வில்லன் சாதாரண லோக்கல் திருடன், உலகத்துக்கு ஆபத்தே இல்லை, அதனால் 5.4. எண்ட்கேம் வில்லன் தானோஸுக்கு 9.8. என் வரிசை சரியா? இவை சினிமாவே இல்லை, தீம் பார்க் என்று ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி சொல்லியிருக்கிறாரே, உங்கள் கருத்து என்ன? தமிழ் டப்பிங்கில் பார்ப்பது தப்பா? அப்பா இதெல்லாம் வெட்டி வேலை என்கிறார்.

க.

அன்புள்ள க.,

பட்டியலை ஒரு வரி விடாமல் படித்தேன். இவ்வளவு மெனக்கெட்டதற்கு முதலில் சபாஷ். எங்கள் காலத்தில் இங்கிலீஷ் படம் என்றால் மதுரை ரீகல் தியேட்டர்தான். விக்டோரியா எட்வர்டு மன்றத்துக் கட்டடத்தில் பகலில் வாசகசாலை நடக்கும், பொழுது சாய்ந்தால் சினிமா. பாதி வசனம் புரியாது. வெளியே வந்து டீக்கடையில் நின்று யார் படம் பெரிசு என்று அடித்துக்கொள்வோம். பட்டியல் போடுகிற வியாதி உங்கள் தலைமுறைக்கு மட்டும் வந்ததில்லை. ஆனால் நாங்கள் புள்ளி வைத்து மார்க் போட்டதில்லை. 5.4 என்கிறீர்கள். அந்த .4 எங்கேயிருந்து வந்தது தம்பி?

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்கார்செஸி 2019இல் சொன்னது ஸ்கார்செஸிக்குச் சரி. தமுக்கம் பொருட்காட்சியில் ராட்டினம் ஏறப்போகிறவனை மறித்து 'இது தேரில்லை' என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? டிக்கெட் வாங்கியாயிற்று, ஏறத்தான் செய்வான். டப்பிங்கில் தாராளமாகப் பாருங்கள். எண்ட்கேமுக்குத் தமிழில் ஏ.ஆர். முருகதாஸ் வசனம், அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்குக்கு விஜய் சேதுபதி குரல். ஒட்டவே இல்லை என்று அப்போது ஊரெல்லாம் கூச்சல். எங்கள் தெருப் பையன்கள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் அழுதார்கள். அப்பா விஷயத்தில் நான் தலையிடுவதாக இல்லை. என் மகனிடம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி அந்த லோக்கல் திருடன். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அவனால்தான்.

ஹோம்கமிங் (2017) எப்படி ஆரம்பிக்கிறது என்று நினைவிருக்கிறதா? 2012 அவெஞ்சர்ஸ் படத்தில் நியூயார்க்கில் அவ்வளவு பெரிய சண்டை நடந்ததே, அதன் இடிபாட்டில் ஆரம்பிக்கிறது. ஏட்ரியன் டூம்ஸ் என்பவன் மாநகராட்சியிடம் காண்ட்ராக்ட் எடுத்து அந்தக் குப்பையை அள்ளிக்கொண்டிருக்கிறான். 1989இல் பேட்மேனாக வந்த அதே மைக்கேல் கீட்டன். வேற்றுக்கிரக உலோகத்தை ஒரு வேலையாள் சாதாரண ரம்பத்தால் அறுக்கப் பார்க்கிறான். டூம்ஸ் போய், அதை இதால் அறுக்க முடியாது, அவர்கள் சாமானை அவர்கள் கருவியால்தான் அறுக்க வேண்டும் என்று எடுத்துக் கொடுக்கிறான். அந்த ஒரு நொடியில் ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. தொழில் தெரிந்தவன்.

அப்புறம் கோட்டு போட்ட அதிகாரிகள் வருகிறார்கள். இனி இது எங்கள் பொறுப்பு, நீ கிளம்பு என்கிறார்கள். இந்த வேலைக்காகப் புது லாரி வாங்கியிருக்கிறேன், ஆள் சேர்த்திருக்கிறேன், எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது என்று டூம்ஸ் கெஞ்சுகிறான். கூட வந்த ஒருவன், அடுத்த தடவை இவ்வளவு அகலக் கால் வைக்காதே என்கிறான். டூம்ஸ் அவன் முகத்தில் ஒரு குத்து விடுகிறான். பிறகு டிவியில் பார்த்தால், புதிதாக வந்த அந்தத் துறை அரசாங்கமும் டோனி ஸ்டார்க்கின் கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது. ஊரை இடித்ததில் பங்குள்ளவனுக்கே அள்ளுகிற கூலியும் போகிறது.

இந்தக் காட்சிக்குத்தான் நீங்கள் 5.4 போட்டிருக்கிறீர்கள்.

என் பெரியப்பா பழைய கட்டடம் இடித்துச் சாமான் எடுக்கிற காண்ட்ராக்ட் செய்தவர். மதுரையில் மாசி வீதிகளிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் இருந்த தேக்கு மச்சு வீடுகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்த காலம் அது. இடிப்பது என்றால் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய் மோதுவது என்று நினைக்காதீர்கள். முதலில் கதவு, ஜன்னல், நிலை. பிறகு ஓடு, கைமரம், உத்தரம். அதற்கப்புறம்தான் சுவர், அதுவும் மேலிருந்து கீழாக, வரி வரியாக. சுண்ணாம்புக் கட்டடம் என்றால் பெரியப்பா முகம் மலர்ந்துவிடும். சுண்ணாம்பு விட்டுக்கொடுக்கும், செங்கல் முழுசாகக் கையில் வரும். பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து, சின்னச் சுத்தியலால் ஒட்டியிருக்கிற காரையைத் தட்டித் தட்டிச் சுத்தம் செய்து அடுக்குவார்கள். அந்தக் கல்லுக்குத் தனி விலை. சிமெண்ட் போட்டுக் கட்டியதில் காரை பிரியாது, கல்தான் உடையும். அதில் கம்பிதான் காசு. தேக்கு நிறைய இருந்தால் பெரியப்பா வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்து இடிப்பார். ஒன்றும் தேறாத கட்டடம் என்றால் வீட்டுக்காரர் இவருக்குக் கொடுக்க வேண்டும்.

ஒரு தடவை மேலூர்ப் பக்கம் ஒரு பழைய கட்டடம் ஏலத்துக்கு வந்தது. எந்தக் கட்டடம், யாருடையது என்பதெல்லாம் வேண்டாம். உத்தரம் அத்தனையும் பர்மாத் தேக்கு. பெரியப்பா டெபாசிட் கட்டினார், டிராக்டர் வாடகைக்குப் பிடித்தார், ஆட்களுக்கு அட்வான்ஸ் கொடுத்தார். ஓடு இறக்கி முடித்து, மரத்தில் கை வைக்கப்போகிற நாளில் ஒரு காகிதம் வந்தது. ஏலம் ரத்து. வேலையை வேறு ஏற்பாட்டில் முடித்துக்கொள்வார்களாம். கடினமான பாகம் முடிந்திருந்தது, லாபமான பாகம் மிச்சமிருந்தது. டெபாசிட் ரொம்ப நாள் கழித்துத் திரும்பியது. டிராக்டர் வாடகையும் ஆள் கூலியும் போனது போனதுதான். பெரியம்மாவின் சங்கிலி அதற்குப் போயிற்று.

நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். பெரியப்பா யாரையும் குத்தவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடப்பாரை, சம்மட்டி, கயிறு எல்லாவற்றையும் எண்ணி டிராக்டரில் ஏற்றினார். ஒரு கடப்பாரை குறைந்தது. மறுபடி உள்ளே போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். கொண்டுவந்தவர் அதைப் பெட்டியில் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டு, காகிதம் கொண்டுவந்த ஆளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அதனால் டூம்ஸ் குத்தியபோது நான் தியேட்டரில் கை தட்டினேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

டூம்ஸை நல்லவன் என்று சொல்ல வரவில்லை. அனுப்பாமல் தங்கிப்போன ஒரு லோடை வைத்துக்கொண்டு ஆயுதம் செய்து கள்ளத்தனமாக விற்கிறான், ஆள் சாகிறது. படத்திலும் ஓட்டை உண்டு. 'எட்டு வருடம் கழித்து' என்று எழுத்துப் போடுகிறார்கள், மற்றப் படங்களோடு வைத்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. போகட்டும். கார் காட்சியைச் சொல்லுங்கள். பீட்டரையும், அதாவது ஸ்பைடர்மேன் பையனையும், தன் மகளையும் பள்ளிக்கூட விழாவுக்குக் கொண்டுபோய் விடுகிறான் டூம்ஸ். சிக்னலில் சிவப்பு. கண்ணாடியில் பையனைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்கிறான், இவன்தான் ஸ்பைடர்மேன் என்று மனசுக்குள் முடிச்சு அவிழ்கிறது. சிக்னல் விளக்கு மாறி அவன் முகத்தில் பச்சை விழுகிறது. வண்டியை எடுக்க மறந்து உட்கார்ந்திருக்கிறான். மகள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 22 படத்தில் இதைவிடப் பயமான இடத்தைக் காட்டுங்கள், உங்கள் பட்டியலை அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து அந்தக் கிடங்கு. மேலே இருக்கிறவன் இஷ்டப்படி செய்வான், நாம் அவன் சிந்தியதை அள்ளிக்கொண்டு கிடக்க வேண்டும் என்று டூம்ஸ் பேசிக்கொண்டே இருக்கிறான். அவன் மாட்டிக்கொண்டு பறக்கிற இயந்திரச் சிறகு தனியாகப் பறந்து வந்து பையனைக் குறிவைத்துத் தவறுகிறது என்று நாம் நினைக்கிறோம். அது ஒவ்வொரு தூணாக அறுத்துக்கொண்டிருக்கிறது. மொத்தக் கூரையும் பையன் மேல். தூணைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பது எங்கள் பெரியப்பா தொழிலில் பாலபாடம். அதைத் தெரிந்தவனுக்குத்தான் முதலில் தொட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். கதாசிரியர்கள் அந்த ஆளின் தொழிலைக் கடைசிவரை மறக்கவில்லை. அந்த இடிபாட்டுக்கு அடியில், யாராவது காப்பாற்றுங்கள் என்று ஸ்பைடர்மேன் சின்னப் பையனாகக் கத்துகிறான் பாருங்கள், அதற்கப்புறம்தான் அவனை எனக்குப் பிடித்தது.

இப்போது உங்கள் 9.8. தானோஸ் அண்டத்தில் பாதி உயிரைச் சொடுக்குப் போட்டு அழிக்கிறான், பிறகு ஒரு கிரகத்தில் குடிசை போட்டு விவசாயம் பார்க்கப் போகிறான். பாதி ஆள் இல்லாமல் அறுப்புக்கு என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை. கோடிக்கணக்கில் சாவு என்றால் பெரிய வில்லன், நாலு பேர் கூலி போனால் லோக்கல் திருடன் என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நீங்கள் ஊரில் பார்த்த கொடுமைகளில் எது உலகத்தை அழிக்கிற அளவில் இருந்தது? திருமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு, வாழ்க்கையில் ஒரு தடவைகூட எதிர்ப்படாத ஆபத்துக்கு முழு மார்க் போடுகிறீர்கள். தினமும் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற ஆபத்துக்கு 5.4. இது ரசனைக் குறைவு இல்லை, சோம்பேறித்தனம். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, நினைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்தது யாருடையது என்று ஞாபகம் வைத்திருக்கிற படங்களை மட்டும் பொறுக்கிப் பாருங்கள், உங்கள் வரிசை தலைகீழாகும். அவெஞ்சர்ஸ் முடிந்து எழுத்தெல்லாம் ஓடியபிறகு, உடைந்த கடையில் உட்கார்ந்து நாயகர்கள் ஷவர்மா தின்கிறார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். பின்னால் கடை ஆள் விளக்குமாறால் பெருக்கிக்கொண்டிருப்பார். சிவில் வாரில் (2016) நாயகர்களின் சண்டையில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் டோனி ஸ்டார்க்கிடம் நேருக்கு நேர் கேட்கிறாள். அந்தப் படத்து வில்லன் ஜீமோவும் குடும்பத்தை இடிபாட்டில் இழந்தவன்தான். சிறகும் இல்லை, கவசமும் இல்லை, அத்தனை நாயகர்களையும் இரண்டாகப் பிரித்துப் போட்டுவிட்டான். அதை நான் முதல் மூன்றுக்குள் வைப்பேன். நடுவில் ஆளில்லாத விமான நிலையத்தில் அடித்துக்கொள்வதை மட்டும் ஓட்டிவிட்டுப் பார்ப்பேன். பிளாக் பாந்தரில் (2018) வில்லன் கில்மாங்கர் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று, இதையெல்லாம் நியாயமான விலை கொடுத்தா வாங்கினீர்கள் என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்கிறான். அதுவும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். விண்டர் சோல்ஜர் நல்ல படம், மூன்றோ நாலோ, சண்டை வேண்டாம். தோர் இரண்டாம் பாகத்துக்கு நீங்கள் கொடுத்த இடம் சரி.

எண்ட்கேம் மேல்தான் எனக்குத் தீராத ஆத்திரம். அழிந்துபோன பாதிப் பேர் ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். சரி, வந்தவர்கள் எங்கே போவார்கள்? அடுத்து வந்த 'ஃபார் ஃபிரம் ஹோம்' படத்தில் ஸ்பைடர்மேனின் மே அத்தை, தன் வீட்டில் வேறு குடும்பம் குடியிருந்ததை மேடையில் வேடிக்கையாகச் சொல்கிறாள், கூட்டம் சிரிக்கிறது, அதோடு சரி. 2021இல் மார்வெலின் ஃபால்கன் தொடரில் கொஞ்சம் தொட்டார்கள், பிறகு பயந்துபோய் அடிதடிக்குத் திரும்பிவிட்டார்கள். இருந்த ஆகப்பெரிய கதை அதுதான். ஐந்து வருடம் செத்துப் போனவன் திரும்பி வந்தால் வீடு யாருக்கு? அட்வான்ஸ் யாரிடம்? தம்பி பேருக்கு மாற்றிய பத்திரம் செல்லுமா? பெண்டாட்டி மறுகல்யாணம் செய்திருந்தால்? எங்கள் ஊர்க் கோர்ட்டில் இந்த வழக்கை விட்டால் மூன்று தலைமுறைக்கு வாய்தா ஓடும். யாராவது அதைப் படமாக எடுத்தால் சொல்லுங்கள், திருமங்கலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிடுங்கள். டிக்கெட் என் செலவு, மார்க் நோட்டு மட்டும் கூடாது.

அன்புடன்