கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்றுதானே படித்தோம், பாஸ்பேட் கண்ணாடி மட்டும் எப்படிக் கடத்துகிறது?

கடத்தும், ஆனால் எல்லா பாஸ்பேட் கண்ணாடியும் (சிலிக்காவுக்குப் பதில் பாஸ்பரஸ் ஆக்சைடை அடிப்படையாக வைத்து உருக்கும் கண்ணாடி) ஒரே மாதிரி கடத்தாது. உள்ளே வேறு என்ன சேர்த்து உருக்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆய்வகத்தில் இவற்றை உருக்கி அளந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அமைப்பு. சாதாரண கண்ணாடியின் அடிப்படையான சிலிக்காவில் ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜன் வழியாகவும் அக்கம்பக்கத்தோடு பிணைந்திருக்கும். பாஸ்பரஸைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன்தான், ஆனால் அதில் ஒன்று இரட்டைப் பிணைப்போடு தனியாக நின்றுவிடும். மிஞ்சுவது மூன்று. சோடியமோ லித்தியமோ சேர்த்தால் அதுவும் குறைந்து, வலைப்பின்னல் சங்கிலிகளாகிவிடும். அதனால் இவை குறைந்த வெப்பத்திலேயே இளகும் (சோடியம் மெட்டாபாஸ்பேட் கண்ணாடி 300 டிகிரி செல்சியசுக்குள்ளேயே), சூட்டில் அதிகம் விரியும், பல வகைகளைத் தண்ணீரும் அரித்துவிடும்.

இனி மின்சாரம். வனேடியம் சேர்த்த கண்ணாடியில் ஓடுவது எலக்ட்ரான். வனேடியம் அங்கே 4+, 5+ என்று இரண்டு நிலைகளில் இருக்கும். 4+ இல் உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரான் தன்னைச் சுற்றியுள்ள அணுக்களைக் கொஞ்சம் நெளித்து அதிலேயே சிக்கிக்கொள்ளும். வெப்ப அதிர்வு உதவும்போது பக்கத்து 5+ க்குத் தாவும். 1968 இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் நெவில் மாட் இதற்குக் கொடுத்த சமன்பாட்டில் இரண்டு நிலைகளின் பங்குகளும் ஒன்றோடொன்று பெருக்கலில் வரும். அதாவது எல்லாம் 5+ ஆக இருந்தாலும் பயனில்லை, எல்லாம் 4+ ஆக இருந்தாலும் பயனில்லை. அந்த விகிதமோ உருக்கும் வெப்பநிலையையும் உலையில் உள்ள காற்றையும் பொறுத்து மாறும். ஒரே கலவையை இரண்டு பேர் உருக்கினால் கடத்துதிறன் வேறுவேறாக வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம். கட்டுரைகளில் வெறும் கலவை சதவீதத்தை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள். இரும்பு பாஸ்பேட்டிலும் இதே தாவல்தான், 2+ இலிருந்து 3+ க்கு. அது தண்ணீரையும் நன்றாகத் தாங்கும் என்பதால் அணுக்கழிவை அடைத்து வைக்க ஆராய்கிறார்கள்.

லித்தியம், வெள்ளி சேர்த்தால் கதை வேறு. அங்கே நகர்வது அயனியே. வெள்ளி பாஸ்பேட்டில் வெள்ளி அயோடைடை நிறையக் கரைத்தால் அறை வெப்பநிலையிலேயே கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.01 சீமன்ஸ் (மின்கடத்தலின் அலகு) வரை போகும். கண்ணாடிக்கு இது மிக அதிகம். 1990களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் உருவான லிப்பான், லித்தியம் பாஸ்பேட்டில் சில ஆக்சிஜன்களுக்குப் பதில் நைட்ரஜன் புகுந்த படலம். அதன் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.000002 சீமன்ஸ்தான். ஆனால் ஒரு மைக்ரான் தடிமனுக்குப் படியவைத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மின்தடை வெறும் 50 ஓம். மெல்லிய படல பேட்டரிக்கு அது போதும்.

ஓடுவது எலக்ட்ரானா அயனியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இருபுறமும் தங்கப் பூச்சு கொடுத்து டிசி மின்னழுத்தம் வையுங்கள். அயனி என்றால் மின்முனையில் குவிந்து, மின்னோட்டம் நேரம் ஆக ஆகக் குறையும். எலக்ட்ரான் என்றால் அப்படியே நிற்கும். அயனிக் கண்ணாடியின் கடத்துதிறனை அளக்க ஏசி முறைக்கு, அதாவது இம்பிடன்ஸ் அளவீட்டுக்குத்தான் போக வேண்டும். அப்புறம் ஒன்று: மாதிரியைச் சூடாக்கி உலர்த்திவிட்டு அளங்கள். ஈரமான நாளில் மேற்பரப்பில் படியும் தண்ணீர் வழியாகவே மின்சாரம் கசிந்து, கண்ணாடியின் கடத்துதிறன் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.