காதுக்குள் ஒரு மேடை: இன்-இயர் மொனிற்றர் பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஓர் இசைக்குழுவில் பாடுகிறேன். கோவில் திருவிழாக்களுக்கும் திருமண மண்டபங்களுக்கும் போகிறோம். காலடியில் வைக்கும் மொனிற்றர் பெட்டியில் என் குரல் எனக்குக் கேட்பதேயில்லை. நிகழ்ச்சி முடிவதற்குள் தொண்டை கட்டிவிடுகிறது. காதுக்குள் செருகிக் கேட்கும் மொனிற்றரான இன்-இயர் வாங்கச் சொல்கிறார்கள். எட்டு ட்ரைவர் (ஒலியை உண்டாக்கும் பகுதி) உள்ளதை வாங்கினால்தான் பயன் உண்டு என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?
— வாசகி, உப்புவெளி

பதில்: சகோதரி, தன் குரல் தன் காதுக்கு எட்டாதபோது எந்தப் பாடகரும் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார். ஆகவே தொண்டைக்கு மருந்து தேடுமுன் காதைக் கவனிக்க நினைத்தது சரியான முடிவு. நிகழ்ச்சி இல்லாத நாட்களிலும் கரகரப்பு நீடித்தால் மட்டும் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

கோவில் வீதியில் போடும் மேடைகளை நான் நன்கு அறிவேன். பின்னால் ட்ரம்ஸ், பக்கத்தில் பேஸ் பெட்டி, எதிரே மதிலில் பட்டுத் திரும்பி வரும் பிரதான ஒலிபெருக்கியின் சத்தம் என்று எல்லாம் சேர்ந்து பாடுபவரைச் சூழ்ந்துகொள்ளும். மொனிற்றரைக் கூட்டச் சொல்வீர்கள். கூட்டினால் மைக் அதையே வாங்கிக் கூவத் தொடங்கும். இன்-இயரின் முதல் வேலை, காதின் வாயிலை அடைத்து அந்தச் சத்தத்தை வெளியிலேயே நிறுத்துவதுதான். மேடையில் 105 டெசிபல் சத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நன்றாகப் பொருந்திய கருவி அதில் 25 டெசிபலைத் தடுத்தால் 80 டெசிபலே காதுக்குள் வரும். அதற்குச் சற்று மேலே உங்கள் குரலை வைத்தால் போதும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபலுக்கு 1 மணி நேரமும் 100 டெசிபலுக்கு 15 நிமிடமுமே எல்லை. நம் மேடைகளில் ஒரே நிகழ்ச்சியில் இந்த எல்லையைப் பல மடங்கு தாண்டுகிறோம். என் இடது காதில் பல வருடங்களாக ஓயாமல் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. இளவயதில் ட்ரம்ஸுக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்ததன் விளைவு அது. அது இனித் தீரப்போவதில்லை. உங்களுக்கு அது வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இப்போது எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். ட்ரைவர்களின் எண்ணிக்கையைப் பார்க்குமுன் அது உங்கள் காதில் பொருந்துகிறதா என்று பாருங்கள். காதுக் குழாய் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் நீளமானது, வளைவுகள் உள்ளது, ஒருவருடையது மற்றவருடையதைப் போல இருப்பதில்லை. உங்களுடைய வலது காதும் இடது காதும்கூட ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று வரும் டிப்களில் (காதுக்குள் போகும் மென்மையான முனைகள்) இரு காதுக்கும் ஒரே அளவுதான் போட வேண்டும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். அமுக்கினால் சுருங்கி மெல்ல விரியும் போம் டிப்பாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிய திரியைப் போலாக்குங்கள். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுங்கள். உள்ளே செருகி, போம் விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பிறகு பேஸ் நன்றாக உள்ள ஒரு பாடலை ஒலிக்கவிட்டு, பாடுவதுபோல வாயை அகலத் திறந்து மூடுங்கள். வாய் திறக்கும்போது பேஸ் மறைந்து மூடும்போது திரும்பினால் அந்த டிப் உங்களுக்கு ஆகாது, அடைப்பு விட்டுப்போகிறது. தாடை அசையும்போது குழாயின் வடிவமும் மாறுவதே இதற்குக் காரணம். பேச்சாளருக்கு இது பெரிய குறையாகத் தெரியாமல் போகலாம், பாடகிக்கோ இதுவே எல்லாம்.

ட்ரைவர் விடயத்தில் கடைக்காரர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒலிபெருக்கியைச் சிறிதாக்கியதுபோன்ற டைனமிக் ட்ரைவர் ஒன்றே பேஸிலிருந்து உச்சஸ்தாயிவரை கொடுத்துவிடும். கேட்டல் கருவிகளில் பயன்படும் பலன்ஸ்ட் ஆர்மச்சர் என்ற வகை மிகச் சிறியது, நுணுக்கமானது. ஆனால் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஓர் எல்லைக்குள்ளேயே சிறப்பாக ஒலிப்பதால் பலவற்றைச் சேர்த்து வேலையைப் பங்கிடுகிறார்கள். எண்ணிக்கை கூடுவது அந்த வடிவமைப்பின் தேவை, தரத்தின் அளவுகோல் அன்று. முதன்முதலாக வாங்குகிறவருக்கு ஷூர் எஸ்ஈ215, சென்ஹைசர் ஐஈ 100 புரோ போன்ற ஒற்றை டைனமிக் ட்ரைவர் கருவிகளையே சிபாரிசு செய்வேன். வயரைக் கழற்றி மாற்றக்கூடியவை அவை, மேடை வேலைக்கென்றே செய்யப்பட்டவை. மிச்சப் பணத்தை நல்ல டிப்களுக்கும், இடுப்பில் மாட்டும் வயர் உள்ள சிறிய அம்பிளிஃபயருக்கும் செலவிடுங்கள். வயர்லெஸ் வசதியானதுதான். ஆனால் எல்லா அலைவரிசைகளையும் எல்லா நாடுகளிலும் பயன்படுத்த முடியாது. இணையத்தில் பார்த்ததை வரவழைக்குமுன் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அந்த அலைவரிசை பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விடயங்களில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதலாவது, சத்தம் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிற்றர். மைக் கீழே விழுந்தாலோ திடீரெனக் கூவினாலோ அந்தச் சத்தம் நேரே உங்கள் செவிப்பறைக்கு வரும். மிக்சரில் உங்களுக்குரிய வெளியீட்டில் லிமிற்றர் போடாமல் கருவியைக் காதில் வைக்காதீர்கள். இரண்டாவது, சபையின் கைதட்டல் கேட்கவில்லை என்று ஒரு பக்கத்தைக் கழற்றிவிடாதீர்கள். திறந்த காது மேடைச் சத்தம் முழுவதையும் வாங்கும். ஒரு காதில் மட்டும் கேட்கும் ஒலி மெலிவாகத் தோன்றுவதால் அந்தப் பக்கத்தையும் நீங்கள் கூட்டிவிடுவீர்கள். இரண்டு காதுகளுமே பாதிக்கப்படும். சபையை நோக்கி ஒரு மைக் வைத்து, அதைச் சிறிதளவு உங்கள் காதுக்குக் கொடுக்கச் சொன்னால் அந்தத் தனிமை உணர்வு போய்விடும்.

கேள்வி: காதின் அச்செடுத்துச் செய்யும் இன்-இயருக்கு அவ்வளவு செலவழிப்பது தகுமா?
— வாசகர், அலஸ்தோட்டம்

பதில்: வாரந்தோறும் மேடையேறுபவருக்குத் தகும், வருடத்தில் நாலைந்து நிகழ்ச்சி செய்பவருக்கு அவசரமில்லை. அமெரிக்க ரொக் இசைக்குழுவான வான் ஹேலனின் மொனிற்றர் பொறியாளராக இருந்த ஜெரி ஹார்வி, அக்குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செய்துகொடுத்த கருவியிலிருந்துதான் 1995இல் அல்டிமேட் இயர்ஸ் என்ற இன்-இயர் நிறுவனம் உருவானது. ஒரு கலைஞரின் காதுக்கென்று தொடங்கிய வேலை என்பதால் அதை இங்கே குறிப்பிடுகிறேன். அச்செடுப்பதைக் கேட்டல் கருவி பொருத்துவதில் பயிற்சி பெற்றவரிடமே செய்வியுங்கள். குழாயின் இரண்டாவது வளைவுக்கு அப்பால் நூல் கட்டிய சிறு பஞ்சை வைத்த பின்னரே சிலிக்கனைச் செலுத்த வேண்டும். பாடுபவராக இருந்தால் பற்களுக்கிடையே ஒரு கட்டையைக் கடித்து வாயைத் திறந்தபடியே அச்செடுக்கும்படி கேளுங்கள். வாயை மூடி எடுத்த அச்சு, பாடும்போது அடைப்பை விட்டுவிடக்கூடும்.

கேள்வி: வீட்டில் பக்திப் பாடல்களை ஒலிப்பதிவு செய்கிறேன். மேடைக்கு வாங்கிய இன்-இயரையே பதிவுக்கும் மிக்சிங்குக்கும் பாவிக்கலாமா? போட்டுக்கொண்டு பாடினால் என் குரல் குழாய்க்குள் பேசுவதுபோல உள்ளீடின்றிக் கேட்கிறது.
— வாசகர், உவர்மலை

பதில்: பதிவுக்கு மிகவும் ஏற்றது. தாளம் காட்டும் கிளிக் சத்தம் வெளியே கசிந்து கண்டென்சர் மைக்கில் ஏறுவது பெருமளவு நின்றுவிடும். மெதுவாகப் பாடும் விருத்தங்களில் இதன் அருமை தெரியும்.

குரல் மாறிக் கேட்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்; மூன்றையும் நீங்களே சோதிக்கலாம். இரண்டு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு 'ஊ' என்று சொல்லிப் பாருங்கள், தலைக்குள் முழங்கும். எலும்பின் வழியாக வரும் குரல் அடைபட்ட குழாய்க்குள் தேங்குவதால் அப்படி ஆகிறது. டிப்பை இன்னும் ஆழமாகப் பொருத்தினால் அது குறையும். இந்த முழக்கம் இல்லாமல், மாறாகக் குரல் மெலிந்து பொள்ளலாகக் கேட்டால், கணினியின் தாமதத்தைச் சந்தேகியுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ் பதிவில் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்து வைத்துக் கையாளும் தொகுதியின் அளவு) 512 என்று இருந்தால் அந்த ஒரு பஃபருக்கே ஏறத்தாழ 10.7 மில்லிசெக்கன் ஆகும். போய்வருவதற்கு அதன் இரு மடங்குக்கும் மேல். எலும்பு வழியே உடனே கேட்கும் குரலும், பிந்தி வரும் குரலும் கலந்து சில சுரங்களை அழித்துவிடுகின்றன. பஃபரை 64க்கு இறக்குங்கள். அல்லது மைக்கைக் கணினியுடன் இணைக்கும் இன்டர்பேஸில், குரலைக் கணினியைச் சுற்றி வராமல் நேரே காதுக்குத் தரும் டிரெக்ட் மொனிற்றரிங்கைப் போட்டு, கணினியிலிருந்து திரும்பி வரும் உங்கள் குரலை மட்டும் அணைத்துவிடுங்கள். அதன் பிறகும் சரியாகாவிட்டால் மைக் சனலில் ஒலி அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். எலும்பு வழி வரும் அலைக்கு எதிராக மைக் அலை வந்தால் குரலின் அடித்தளமே போய்விடும். ஒரு பொத்தானை அழுத்தியதும் குரல் தலைக்குள் வந்து உட்காருவதை முதன்முறை கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது.

மிக்சிங்கை இதில் மட்டும் முடிக்க வேண்டாம். ஸ்பீக்கரில் இடது பக்க ஒலி இரு காதுகளுக்கும் வரும், இன்-இயரில் ஒரு காதுக்கு மட்டுமே வரும். பேஸை உடம்பால் உணர்வதும் இதில் இல்லை. மூச்சொலி, வெட்டிய இடத்தில் எழும் சிறு சொடுக்கு, மின்சார இரைச்சல் ஆகியவற்றைத் தேடிப் பிடிக்க இன்-இயரைவிட நல்ல கருவி கிடையாது. மிருதங்கத்துக்கும் குரலுக்கும் எவ்வளவு இடம் என்று தீர்மானிக்க ஸ்பீக்கர் முன்னே உட்காருங்கள்.

கேள்வி: கையில் உள்ள புளூடூத் இயர்போனையே மேடையில் பாவிக்க முடியாதா? கீபோர்ட் வாசிக்கிறேன்.
— வாசகர், மூதூர்

பதில்: முடியாது, தம்பி. சாதாரண புளூடூத்தில் ஒலி காதுக்கு வர 150 முதல் 200 மில்லிசெக்கன்வரை பிந்துவது வழக்கம். 200 மில்லிசெக்கனில் ஒலி காற்றில் ஏறத்தாழ 69 மீற்றர் தூரம் போய்விடும். உங்கள் கீபோர்டின் ஸ்பீக்கரை அவ்வளவு தொலைவில் வைத்துவிட்டு, அங்கிருந்து வருவதைக் கேட்டு வாசிப்பதற்குச் சமம் அது. வயர் உள்ள சாதாரண இன்-இயர் ஒன்று அதைவிட நூறு மடங்கு மேல்.

கேள்வி: ட்ரம்ஸ் வாசிக்கிறேன். வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை, இடது பக்கம் ஒலி மங்கிவிட்டது. ட்ரைவர் போய்விட்டதா?
— வாசகர், நிலாவெளி

பதில்: பெரும்பாலும் ட்ரைவரில் பழுது இருக்காது. காதுக் குறும்பி ஒலி வரும் துளையின் வலையை அடைத்திருக்கிறதா என்று டிப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். ஊசியால் குத்தினால் குறும்பி உள்ளே போய்விடும். வலை சுத்தமாக இருந்தால் வயரைக் கழற்றி, இடது கருவியை வலது வயரிலும் வலதை இடது வயரிலும் மாட்டுங்கள். மங்கல் இப்போது வலப்பக்க வயரில் வந்தால் கருவியில்தான் பழுது. இடப்பக்கத்திலேயே நின்றால் வயரை மாற்றினால் போதும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து பொருத்துமுனைகளில் பச்சை படியச் செய்கின்றன. ஐசோபுரொப்பைல் மதுசாரத்தைப் பஞ்சு முனையில் தொட்டு அவற்றைத் துடையுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் சிலிக்கன் டிப்களைச் சவர்க்கார நீரில் அலம்பி உலரவிட்டு, கருவியைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான பெட்டியில் வையுங்கள். போம் டிப்பைக் கழுவ வேண்டாம். அது சப்பிப்போய் விரியத் தாமதித்தால் புதிதாக மாற்றிவிடுங்கள்.