அமெரிக்காவின் புகழ்பெற்ற மெட்டல் குழுவான மெட்டாலிகா கொண்டாடும் டயமண்ட் ஹெட் ஏன் பெரிய குழுவாக வளரவில்லை?

பாட்டில் குறை இருந்ததால் இல்லை. சரியான நேரத்தில் சரியான நிர்வாகம் அமையாததுதான் காரணம் என்பது என் கருத்து.

இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜில் 1976இல் பள்ளி நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய குழு இது. பிரையன் டாட்லர் கிட்டார், ஷான் ஹாரிஸ் குரல். 1980இல் அங்கே மெட்டல் என்ற கனத்த ராக் இசையின் புது அலை உச்சத்தில் இருந்தது. அதே அலையில் வந்த அயர்ன் மெய்டன் குழுவை ராட் ஸ்மால்வுட் என்ற கெட்டிக்கார மேலாளர் ஈஎம்ஐ என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்த்துவிட்டார். அவர்களுடைய முதல் ஆல்பமே பிரிட்டிஷ் பட்டியலில் 4ஆம் இடம் பிடித்தது. டயமண்ட் ஹெட்டை நிர்வகித்தவர்களில் ஒருவர் பாடகரின் அம்மா. அன்பு இருந்திருக்கும், ஆனால் இசைத்தொழிலின் பழக்கம் இல்லை. பெரிய நிறுவனம் எதுவும் வராததால் ஏழு பாட்டுகளைத் தாங்களே பதிவு செய்து, வெறும் வெள்ளை அட்டையில் போட்டுத் தபாலில் விற்றார்கள். அதுதான் 'லைட்னிங் டு தி நேஷன்ஸ்'.

அந்த ஏழு பாட்டுகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது! 'ஆம் ஐ ஈவில்' தொடக்கத்தில் வரும் கனத்த அடி, ஹோல்ஸ்ட் எழுதிய 'மார்ஸ்' என்ற செவ்வியல் இசையின் சாயலில் அமைந்தது. அது முடிந்ததும் ஒரு கிட்டார் சோலோ, அப்புறம் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு), நடுவில் திடீரென்று வேகம் கூடி வேறு பாட்டாகவே மாறிவிடும். மற்ற குழுக்கள் மூன்று பாட்டுக்கு வைத்துக்கொள்ளும் ரிஃப்களை டாட்லர் ஒரே பாட்டில் கொட்டியிருப்பார். த்ராஷ் மெட்டல் என்ற அதிவேக மெட்டல் வகையின் பெரிய பகுதி அங்கிருந்துதான் வந்தது.

1981 கோடையில், 17 வயது லார்ஸ் உல்ரிக் அமெரிக்காவிலிருந்து இவர்களைப் பார்க்கவே வந்து, டாட்லர் வீட்டிலேயே தங்கினார். சில மாதங்களில் அவர் தொடங்கிய குழுதான் மெட்டாலிகா.

எம்சிஏ என்ற இசைத்தட்டு நிறுவனம் டயமண்ட் ஹெட்டை ஒப்பந்தம் செய்தபோது 1982 ஆகிவிட்டது. 'பாரோட் டைம்' ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் 24ஆம் இடம் வரை போனது. அடுத்து வந்த 'கேன்டர்பரி' (1983) பாணியையே மாற்றியது. எனக்குப் பிடித்த ஆல்பம்தான், துணிச்சலும் அதில் உண்டு. ஆனால் ரசிகர்கள் வேகத்தைத் தேடிய நேரத்தில் இவர்கள் நிதானமாகிவிட்டார்கள். பதிவு நடக்கும்போதே பாஸ் வாசித்தவரும் டிரம்மரும் விலகினார்கள். முதலில் அச்சான தட்டுகளில் ஊசி தாவும் கோளாறு வேறு. நிறுவனம் கைவிட்டது. 1985இல் குழு கலைந்தது.

மெட்டாலிகா மறக்கவில்லை. 1984இல் 'ஆம் ஐ ஈவில்', பிறகு 'ஹெல்ப்லெஸ்', 'தி பிரின்ஸ்', 'இட்ஸ் எலக்ட்ரிக்' என்று நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அந்த ராயல்டிதான் டாட்லருக்குப் பெரிய ஆதரவாக இருந்தது. 2011இல் மெட்டாலிகாவின் 30ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் டாட்லரும் ஹாரிஸும் மேடையேறினார்கள்.

டாட்லர் இன்றும் ஓயவில்லை. வேறு பாடகர்களோடு குழுவை மீட்டெடுத்து நடத்தினார். 2023 முதல் சாக்ஸன் என்ற பிரிட்டிஷ் மெட்டல் குழுவிலும் கிட்டார் வாசிக்கிறார்.

கேட்கத் தொடங்குவதென்றால் 1980 பதிவையே கேளுங்கள். 2020இல் அதே பாட்டுகளை மறுபதிவு செய்திருக்கிறார்கள், ஒலி இன்னும் சுத்தம். ஆனாலும் ஷான் ஹாரிஸின் அந்த இளம் குரல் பழைய பதிவில்தான் இருக்கிறது.